பட்டாணித் தோட்டத்துத் துறவி

உலகில் புகழ் பெற்றோர் பலர். வாழும் காலத்திலேயே மாலை மரியாதைகளைப் பெற்றோர் அவர்களுள் ஒரு சாரார். அவர்கள் கண் மூடிய பின்னரே உலகம் கண் திறந்து பார்த்தது என்னும்படி வாழ்ந்தோர் மற்றொரு சாரார். இந்த இரண்டாம் வரிசையில் முதலிடம் பெறத் தக்கவர் அருட்தந்தை கிரிகோர் மெண்டல். மரபியலின் தந்தை என்று நம் பாடநூல்கள் இவரைப் போற்றுகின்றன. நெட்டைச் செடி, குட்டைச் செடி, மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் ஆகியவற்றை உயிரியல் வகுப்பில் மனனம் செய்யாத மாணவி இல்லை. ஆனால் தேர்வுத்தாளில் இவர் பெயரை எழுதும் நம்மில் பலர், இவர் தாமே தேர்வில் தவறியவர் என்பதை அறியார். எட்டு ஆண்டு உழைப்பை ஒரே கட்டுரையில் எழுதி ஒப்படைத்துவிட்டு, அதற்கு உரிய மறுமொழி கிட்டாமலே இவர் மறைந்தார் என்பதையும் அறியார். அந்தக் கட்டுரை எவ்வாறு உருவாயிற்று, அதற்கு என்ன நேர்ந்தது என்பதே இங்குக் கூறப்படும் வரலாறு.

ஆஸ்திரியப் பேரரசில், சிலேசியா நாட்டுப் பகுதியில் ஹைன்சென்டார்ஃப் என்றொரு சிற்றூர். இன்று அது செக் குடியரசில் உள்ளது. அங்கு 1822-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அன்டன் மெண்டல், ரோசீன் என்னும் எளிய உழவர் குடும்பத்தில் ஆண் மகவு ஒன்று பிறந்தது. யோகான் என்று பெயரிட்டனர். தந்தையார் வாரத்தில் மூன்று நாள் நிலவுடைமையாளருக்காக உழைத்துக் கொடுத்தாக வேண்டும். எஞ்சிய நாட்களிலேயே தம் சொந்த நிலத்தைக் கவனிக்க இயலும். அவ்வூர்ப் பங்குக் குருவானவர் பழ மரங்களை ஒட்டுக்கட்டி வளர்ப்பதில் வல்லவர். அக்கலையை ஊராருக்கும் சிறுவர்க்கும் கற்பித்தார். செடிகளின்மீது யோகானுக்கு ஏற்பட்ட பற்று அங்குத் தொடங்கியதே.

சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பினர். ட்ரொப்பாவ் நகர உயர்நிலைப் பள்ளியில் அவன் அரைவயிற்று உணவுடன் படித்தான் என்றே சொல்ல வேண்டும். 1838-இல் தந்தையார் மரம் விழுந்து படுகாயமுற்றார். அதன்பின் வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. 16 வயதுச் சிறுவன் பிற மாணவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தான். பள்ளிப் படிப்பு முடிந்து ஓல்முட்ஸ் நகரில் மேற்படிப்பைத் தொடர வழியின்றித் தவித்தபோது, கைகொடுத்தவள் அவனுடைய இளைய சகோதரி தெரேசியா. தன் திருமணத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்த சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்கு அவள் மனமுவந்து விட்டுக் கொடுத்தாள். மாணவியரே, மரபியல் நூல்கள் எதிலும் தெரேசியாவின் பெயரில் விதி எதுவும் இல்லை. ஆயினும் அப்பெண் கொடுத்த அந்தப் பணம் இல்லாவிடில் பின்னர் வந்த எதுவுமே இல்லை. மெண்டலும் அதை மறக்கவில்லை. பின்னாளில் தங்கையின் மூன்று புதல்வர்களின் கல்விக்கும் உதவினார். அவர்களுள் இருவர் மருத்துவர் ஆயினர்.

1843-இல் புருன் நகரில் இருந்த புனித தோமையார் மடத்தில், புனித அகுஸ்தினார் சபைத் துறவியாக மெண்டல் சேர்ந்தார். கிரிகோர் என்பது அங்கு அவர் ஏற்ற துறவறப் பெயர். வாழ்க்கைப் போராட்டத்தின் கவலையே தம் வழியை முடிவு செய்தது என்று பிற்காலத்தில் அவர் ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். இறைவன் அழைக்கும் வழிகள் பல. வறுமையும் அவற்றுள் ஒன்றாகலாம் அன்றோ? அம்மடம் இசைக்கும் கல்விக்கும் அறிவியலுக்கும் இருப்பிடமாய்த் திகழ்ந்தது. மடத்துத் தலைவர் சிரில் நாப் அறிஞர்களை ஆதரிப்பவர். 1847-இல் மெண்டல் குருப்பட்டம் பெற்றார். ஆனால் நோயாளிகளைச் சந்தித்து ஆறுதல் கூறும் பணியில் ஈடுபட்டபோது, அவர்கள் படும் துன்பத்தைக் காணச் சகியாது தாமே நோயுற்றார். அவருடைய இயல்பை உணர்ந்த தலைவர் 1849-இல் அவரை ஸ்னைம் நகரப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியராக அனுப்பினார்.

நிரந்தர ஆசிரியராவதற்கு அரசுத் தேர்வில் தேற வேண்டும். 1850-இல் எழுதினார், தவறினார். அவரிடம் திறமை இருக்கிறது, முறையான பயிற்சிதான் இல்லை என்பதை உணர்ந்த நாப், 1851-இல் வியன்னாப் பல்கலைக் கழகத்திற்கு அவரை அனுப்பினார். டாப்ளர் விளைவு என்று நாம் இயற்பியலில் படிக்கிறோமே, அந்த டாப்ளரே அங்கு அவருக்கு ஆசான். கணிதம் கலந்த இயற்பியலையும், உங்கர் என்பாரிடம் தாவரவியலையும் பயின்றார். 1854 முதல் புருன் நகரப் பள்ளியில் இயற்பியலும் இயற்கை அறிவியலும் கற்பித்தார். 1856-இல் மீண்டும் தேர்வுக்குச் சென்றார். இம்முறையும் உடல்நலம் குன்றி வெற்றியின்றித் திரும்பினார். ஆக, உலகுக்கு ஓர் அறிவியலையே வழங்கிய அந்த ஆசிரியர் 1868 வரை தற்காலிக ஆசிரியராகவே பணியாற்றினார்.

தேர்வில் தோற்ற அதே 1856-ஆம் ஆண்டில்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கினார். தோட்டம் என்றதும் பெரும் பண்ணை என எண்ணிவிட வேண்டா. 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலம். இதற்கு முன்பே 34 வகைப் பட்டாணி விதைகளைத் தருவித்து, இரண்டு ஆண்டுகள் விதைத்துப் பார்த்து, தலைமுறைதோறும் மாறாமல் வருகின்ற 22 வகைகளைத் தெரிந்தெடுத்திருந்தார். விதை உருண்டையா சுருங்கியதா, உட்பருப்பு மஞ்சளா பச்சையா, செடி நெட்டையா குட்டையா என்பன போல, ஐயமின்றிப் பிரித்தறியக் கூடிய ஏழு பண்புகளை மட்டுமே எடுத்துக்கொண்டார். அவருக்கு முன்னரும் பலர் செடிகளைக் கலந்து பார்த்ததுண்டு. ஆனால் அவர்கள் செடி முழுவதையும் ஒருசேரப் பார்த்து மயங்கினர். மெண்டல் ஒவ்வொரு பண்பாகப் பிரித்தெடுத்து எண்ணினார். அந்த எண்ணிக்கையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பட்டாணிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்புடையது. ஆதலால் பூ மலருமுன் மொட்டைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தத் தாள்களை ஒவ்வொன்றாய்க் களைந்து, வேறு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தூவ வேண்டும். இவ்வாறு நூற்றுக்கணக்கான பூக்கள்! பட்டாணி வண்டு பூவைத் துளைத்து அயல் மகரந்தத்தைக் கொணர்ந்துவிடுமோ என்று அஞ்சி, சில செடிகளைத் தொட்டிகளில் வைத்துக் கண்ணாடிக் கூடத்திற்குள் பூக்க விட்டு, வெளியில் இருப்பவற்றோடு ஒப்பிட்டும் பார்த்தார். 1863 வரை எட்டு ஆண்டுகளில் அவர் வளர்த்துக் கவனித்த செடிகள் ஏறத்தாழ 28,000 என்பர். இத்தனையும் பள்ளியில் பாடம் நடத்தி, மடத்தில் செபக் கடமைகளை முடித்த நேரம் போக எஞ்சிய வேளையில் நடந்தது.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். பிறந்த விதைகள் அனைத்தும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அழிந்து போயிற்றோ எனில், இல்லை. அந்தக் கலப்பு விதைகளை விதைத்துத் தாமே கருவுற விட்டார். 253 செடிகளிலிருந்து 7,324 விதைகள் கிடைத்தன. அவற்றுள் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. மஞ்சள், பச்சை என்னும் நிறத்தில் 6,022-க்கு 2,001. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்திருந்த பண்பு, சிறிதும் சிதையாமல் பேரக் குழந்தையிடம் தோன்றும் பாட்டியின் சாயலைப் போல மீண்டும் வந்தது. வெளிப்படும் பண்பை ஓங்கு பண்பென்றும், மறைந்திருப்பதை ஒடுங்கு பண்பென்றும் இன்று நாம் கூறுகிறோம்.

அத்துடன் நிறுத்தியிருந்தாலும் பெயர் கிட்டியிருக்கும். ஆனால் பார்வைக்கு உருண்டையாகத் தோன்றுபவை எல்லாம் உள்ளேயும் ஒன்றுதானா என்று அவர் ஐயுற்றார். உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். அவற்றுள் 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. 372 செடிகள் இரண்டு வகையையும் தந்தன. அதாவது ஒன்றுக்கு இரண்டு. ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு கூறுகள் வருகின்றன, அவை கலந்து கரைந்து போவதில்லை, அடுத்த தலைமுறைக்குப் பிரிந்தே செல்கின்றன என்பது இதனால் விளங்கியது. ஜீன் என்னும் சொல் பிறக்காத காலத்தில், அதைக் கண்ணால் காணாமலே, எண்ணிக்கையைக் கொண்டு அவர் உய்த்துணர்ந்தார்.

இங்கே நம் மாணவியர் மனத்தில் பதிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. காயின் நிறத்தைப் பற்றிய சோதனையில் 100 செடிகளைச் சோதித்தபோது, எதிர்பார்த்த அளவுக்கு மாறாக 60-க்கு 40 என்று விடை வந்தது. ஏறத்தாழ 67-க்கு 33 வர வேண்டும். மெண்டல் என்ன செய்தார்? மீண்டும் ஒரு பருவம் முழுவதும் அதே சோதனையைச் செய்தார். 65-க்கு 35 வந்தது. இரண்டாவது எண்ணை மட்டும் எழுதிவிட்டு முதல் எண்ணைக் கிழித்தெறிந்திருந்தால் யாருக்குத் தெரியும்? அவரோ இரண்டையும் கட்டுரையில் எழுதினார். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் விடை சரியாக வரவில்லையென்று எண்ணைத் திருத்தும் ஆசை எழும்போது இதை நினைத்துக் கொள்வது நலம்.

1865-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாளும் மார்ச் 8-ஆம் நாளும், புருன் இயற்கை அறிவியல் சங்கத்தின் மாலைக் கூட்டங்களில் மெண்டல் தம் ஆய்வை இரு பகுதிகளாகப் படித்தார். அவர் கற்பித்த பள்ளியிலேயே கூட்டம் நடந்தது. முதல் நாள் சுமார் 40 பேர் வந்திருந்தனர். உள்ளூர்ச் செய்தித்தாளும் அதைப் பற்றி எழுதியது. ஆயினும் தாவரவியலில் கணிதம் புகுவதை அக்காலத்தார் அறியார். கேட்டவர் எவரும் அந்தச் சோதனையைத் தாமும் செய்து பார்க்க முன்வரவில்லை.

சங்கத்தின் ஆண்டுத் தொகுதியில் அச்சிட உரையைத் தருமாறு அவரைக் கேட்டனர். உடனே கொடுத்துவிட்டாரா? இல்லை. எட்டு ஆண்டுக் குறிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கேனும் பிழை நேர்ந்திருக்குமோ என்று மீண்டும் ஒரு முறை முழுவதும் சரிபார்த்தார். பிழைக்கு இடம் காணாத பின்னரே இசைந்தார். கட்டுரையின் அமைப்பும் கற்கத் தக்கது. ஏன் இந்த ஆய்வு, ஏன் பட்டாணி, எவ்வாறு செய்தேன், என்ன கண்டேன், அதனால் என்ன பெறப்படுகிறது என்று படிப்படியாகச் செல்கிறது. ஓங்கு பண்புக்குப் பெரிய எழுத்தும் ஒடுங்கு பண்புக்குச் சிறிய எழுத்தும் இட்டு, இயற்கணிதம் போல் எழுதினார். அவரைச் செடியில் பூவின் நிறம் பட்டாணியைப் போல் எளிதாய் அமையாமல் பல சாயல்களாய் வந்ததையும் மறைக்காமல் சேர்த்தார். தாம் எடுத்த முயற்சி தகுதியுடையதா என்னும் தீர்ப்பைப் படிப்பவரிடமே விட்டார்.

1866-இல் அச்சான அந்தத் தொகுதி, லண்டன் ராயல் சங்கம் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட கழகங்களுக்கும் நூலகங்களுக்கும் சென்றது. தம் கட்டுரையை மட்டும் 40 தனிப்படிகள் எடுத்துக்கொண்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். அக்காலத்தில் மூனிக் நகரில் வாழ்ந்த நாகேலி என்பவர் தாவரக் கலப்பில் பெரும் புலவர். 1866 டிசம்பர் 31-ஆம் நாள் அவருக்குக் கடிதத்துடன் ஒரு படி சென்றது. இரண்டு மாதங்களில் பதில் வந்தது. மரியாதையான பதில்தான்; ஆனால் ஆய்வு முடிந்துவிடவில்லை, இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்பது அதன் கருத்து. மெண்டல் சோர்வடையவில்லை. நீண்ட விளக்கமும், தாமே சோதித்துப் பார்க்கும்படி விதைப் பொட்டலங்களும் அனுப்பினார். பயன் இல்லை.

நாகேலி ஆராய்ந்து வந்த ஹைராசியம் என்னும் மஞ்சள் பூச்செடியை மெண்டலும் கையில் எடுத்தார். அதன் பூக்களோ மிக நுண்ணியவை. லென்சும் கண்ணாடியும் கொண்டு ஒளியைக் குவித்துப் பணி செய்து, 1869-இல் கண்நோவுக்கு உள்ளானார். முடிவு பட்டாணிக்கு நேர் எதிராக இருந்தது. தம் விதியைத் தாமே அசைக்கும் அந்த விடையையும் 1869-இல் கூட்டத்தில் படித்து 1870-இல் அச்சிட்டார். அச்செடி பெரும்பாலும் கருவுறாமலே விதை தரும் இயல்புடையது என்பது அவர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது. அவர் கண்டதும் பிழையன்று. அவர் விதியும் பிழையன்று.

1868-இல் நாபுக்குப் பின் மெண்டலே மடத்துத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். பொறுப்புகள் பெருகின; தோட்டம் தூரமாயிற்று. 1874-இல் மடங்களின்மீது அரசு புதிய வரி விதித்தபோது, அது நீதியன்று என்று கூறிச் செலுத்த மறுத்து, இறக்கும் வரை தனியாக வழக்காடினார். ஆயினும் தேனீ வளர்ப்பையும், நாள்தோறும் வெப்பம், காற்று, மழை ஆகியவற்றைக் குறித்து வைக்கும் வழக்கத்தையும் விடவில்லை. சிறுநீரக நோயுற்று, 1884-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூவிராசாக்கள் திருநாளன்று, தம் 61-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். பிற்காலத்தில் புகழ் பெற்ற இசைமேதை யானாச்செக் அடக்கத் திருப்பலியில் இசையை நடத்தினார். கூடியிருந்த மக்கள் ஏழைகளுக்கு இரங்கிய ஒரு நல்ல குருவுக்காகக் கண்ணீர் விட்டனர். ஓர் அறிவியல் மேதையை அடக்கம் செய்கிறோம் என்று அவர்கள் அறியவில்லை. அதே ஆண்டில் நாகேலி வெளியிட்ட பெருநூலில் மெண்டலின் பெயரே இல்லை.

பதினாறு ஆண்டுகள் சென்றன. 1900-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், ஹாலந்தில் டி விரீஸ், ஜெர்மனியில் கோரென்ஸ், ஆஸ்திரியாவில் செர்மாக் என மூவர், சில மாத இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராய்த் தத்தம் கலப்பு ஆய்வுகளை வெளியிட்டனர். மூவரும் பழைய ஏடுகளைப் புரட்டியபோது, தாம் கண்டதை 34 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அச்சில் எழுதி வைத்திருப்பதைக் கண்டனர். கோரென்ஸ் அதை மெண்டலின் விதி என்றே அழைத்தார். இவர் நாகேலியின் மாணவர் என்பது வியப்பு. நாகேலிக்கு மெண்டல் எழுதிய கடிதங்களை 1905-இல் வெளியிட்டவரும் இவரே. குறிப்புகளை மீண்டும் சரிபார்த்த செய்தி அக்கடிதங்களால்தான் நமக்குத் தெரிகிறது.

இங்கிலாந்தில் மெண்டலின் புகழைப் பரப்பியவர் பேட்சன். அவரோடு தொடக்க முதல் தோளோடு தோள் நின்று செடிகளைக் கலந்து எண்ணியவர், கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் கற்பித்த எடித் சாண்டர்ஸ் என்னும் பெண்மணி. அவ்விருவரும் எழுதிய அறிக்கை 1902-இல் வெளிவந்தது. பேட்சனும் பன்னெட்டும் 1910-இல் மரபியலுக்கெனத் தொடங்கிய ஆய்விதழை, 1957-இல் இந்தியாவில் குடியேறிய ஹால்டேன் தம்முடனேயே இங்குக் கொண்டு வந்தார். 1985 முதல் அதைப் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதமி வெளியிட்டு வருகிறது. அத்தகைய இதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவோர், செய்முறையையும் எண்களையும் பிறர் சோதித்துப் பார்க்கும் வண்ணம் முழுவதும் தர வேண்டும் என்பது இன்று விதி. யாரும் கேட்காமலே 1865-இல் அதைச் செய்தவர் மெண்டல்.

அவ்வாறு எண்களைத் திறந்து வைத்ததால் அவரைச் சோதிக்கவும் முடிந்தது. 1936-இல் ஃபிஷர் என்னும் புள்ளியியல் அறிஞர், மெண்டல் தந்த எண்கள் விதியோடு அளவுக்கு மீறிப் பொருந்துகின்றனவே என்று ஐயம் எழுப்பினார். மெண்டலை ஏமாற்றுக்காரர் என்று அவர் கூறவில்லை. உதவியாளர் எவரேனும் காரணமாகலாம் எனக் கருதினார். அறிஞர்கள் பல ஆண்டுகள் அதைப் பற்றி வாதிட்டனர். விதியோ அசையவில்லை. சுருங்கிய விதைக்குக் காரணமான மரபணுவையே 1990-இல் கண்டறிந்து, அது மாவுப்பொருள் உருவாவதில் நேரும் குறை என விளக்கினர்.

மெண்டலின் தோட்டக் குறிப்பேடுகள் நமக்குக் கிடைக்கவில்லை. கட்டுரையின் கையெழுத்துப் படி மட்டும் 1911-இல் புருன் நகரில் பழங்காகிதங்களிடையே கண்டெடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் மறைந்து, 2012-இல் மீண்டும் அகுஸ்தினார் சபைத் துறவியர் கைக்கு வந்து சேர்ந்தது.

அன்பு மாணவியரே, உங்களுள் சிலர் இவ்வாண்டு தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் பெறாமல் வருந்தியிருக்கலாம். வேறு சிலர் வீட்டில், உங்கள் படிப்புக்காகத் தன் ஆசையை விட்டுக் கொடுத்த ஒரு தெரேசியா இருக்கலாம். அவளை மறவாதீர்கள். கையில் கிடைத்த சிறு நிலத்தில் பொறுமையாக உழையுங்கள். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். ஒப்படைக்குமுன் ஒரு முறைக்கு இரு முறை சரிபாருங்கள். அதன்பின் பாராட்டு வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த கடமைக்குச் செல்லுங்கள். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்று நம் ஆண்டவர் சீடர்களுக்குக் கற்பித்தது இத்தகையோரை எண்ணித்தானோ! அருட்தந்தை மெண்டல் விதைத்தார், அறுவடை நம்முடையதாயிற்று.